ஆர்மரரைக் கேளுங்கள்: முதல் பிஸ்டல்

போன இதழில், புதிதாகச் சுடப் பழகுகிறவர்கள் என்ன பிஸ்டல் வாங்கலாம் என்று எழுதப் போவதாக ஒரு வரி போட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் விலை கேட்கிறார்கள், சில பேர் யூட்யூபில் பார்த்த மாடல் கேட்கிறார்கள், ஒருவர் கரடிக்கு வழி கேட்கிறார். என்னைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சுடுகிறவன் இல்லை. பட்டாளத்தில் 24 வருஷம் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கிறவன். இப்போது குன்னூருக்குப் பக்கத்தில் வீடு. வாரத்தில் மூன்று நாள் ஒரு கிளப் ரேஞ்சில் உட்கார்ந்து, பிள்ளைகள் கொண்டுவரும் பிஸ்டலைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் என் பதில்களில் பதக்கத்தைவிட ஸ்குரூவும் ஸ்பிரிங்கும்தான் அதிகம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, என் மகளுக்கு 14 வயது. என்.சி.சி. கேம்ப்பில் பாயிண்ட் 22 ரைபிள் சுட்டுவிட்டு வந்ததிலிருந்து பிஸ்டல் பழகணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இழுத்துப் பிடித்தால் அறுபதாயிரம் புரட்டலாம். பாயிண்ட் 22 பிஸ்டல் வாங்குவதா, ஏர் பிஸ்டலா? எது வாங்கினால் பின்னால் வருத்தப்பட மாட்டோம்?
— வாசகி, கோத்தகிரி

அம்மா, பாயிண்ட் 22-ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது தோட்டா வெடிக்கிற துப்பாக்கி. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி லைசன்ஸ் வேண்டும், சொந்த லைசன்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். ஏர் பிஸ்டலில் அந்தத் தொல்லை இல்லை. 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி லைசன்ஸ் கேட்பதில்லை. போட்டி ஏர் பிஸ்டல் அதில் மூன்றில் ஒரு பங்கு சக்திகூடக் காட்டாது. உங்கள் பெயரில், ஆதார் நகல் கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஏர் பிஸ்டல் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய வெண்கலம் இரண்டுமே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வந்தவை. அந்தப் போட்டியின் குறி அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான். பத்து மீட்டர் தள்ளி நின்று, ஒற்றைக் கையை நீட்டி, அந்தப் பொத்தானைச் சுட வேண்டும்.

சரி, அறுபதாயிரத்துக்கு வருவோம். போட்டியில் நீங்கள் பார்க்கும் ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எல்லாம் ஐரோப்பாச் சரக்கு. புதிது வாங்கினால் இரண்டு லட்ச ரூபாய் அளவில் போய் நிற்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். மலைத்துப்போய் அதற்கு நேர் எதிர்ப் பக்கம், ஐயாயிரம் ரூபாய் ஸ்பிரிங் பிஸ்டல் பக்கம் ஓடவும் வேண்டாம். ஸ்பிரிங் பிஸ்டலுக்குள் ஒரு கனத்த பிஸ்டன் முன்னால் பாய்ந்து போய் முட்டும். பெல்லட், அதாவது சின்ன ஈயக் குண்டு, குழலை விட்டு வெளியே போவதற்குள் கை இரண்டு தடவை குலுங்கிவிடும். டிரிகரோ கிணற்று வாளி இழுப்பது போல இருக்கும். பிள்ளை சரியாகச் சுட்டும் பெல்லட் தவறான இடத்தில் விழும். அதில் அவள் கற்றுக்கொள்ளப் போவது எதுவும் இல்லை, தன்னையே நொந்துகொள்வதைத் தவிர.

என் யோசனை இது. முதல் மூன்று மாதம் எதுவும் வாங்காதீர்கள். கிளப்பில் இருக்கும் பிஸ்டலில் சுடட்டும். அறுபதாயிரத்தில் ஒரு சிறு பங்கைப் பெல்லட்டுக்கும் கிளப் கட்டணத்துக்கும் எடுத்து வையுங்கள். இந்த மூன்று மாதத்தில் உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, அவளுடைய ஆர்வம் கேம்ப் முடிந்த சூடா, நிஜமா என்பது. இன்னொன்று, அவள் கையின் அளவு. கிரிப் எனப்படும் மரக் கைப்பிடி சின்னது, நடுத்தரம், பெரியது என்று வருகிறது. 14 வயதுப் பெண் கைக்குப் பெரிய கிரிப்பை மாட்டினால் விரல் டிரிகரை நேராகப் பின்னால் இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளும். எடையும் அப்படித்தான். விதிப்படி ஒன்றரைக் கிலோ வரை இருக்கலாம், ஆனால் ஒரு கிலோவை அறுபது தடவை தூக்கி நீட்டச் சொன்னால் எனக்கே தோள் விட்டுப்போகும். சிறு கைகளுக்கென்று நீளமும் எடையும் குறைத்த காம்பாக்ட் மாடல்கள் உண்டு.

மூன்று மாதம் கழித்தும் அவள் விடாமல் வந்தால், ஒரு நல்ல பழைய பி.சி.பி. பிஸ்டல் தேடுங்கள். பி.சி.பி. என்றால் முன்னால் ஒரு சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்துச் சுடுவது. கிளப்பில் ஒரு பிள்ளை புது மாடலுக்கு மாறும்போது பழையது கைமாறும். உங்கள் தொகைக்கு அதுதான் கிட்டும் வழி. வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கூடலூர் தம்பிக்குக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

எதை வாங்கினாலும் டிரிகரை முதலில் பாருங்கள். குழலை எல்லாக் கம்பெனியும் நன்றாகத்தான் செய்கிறது. டிரிகர் விதிப்படி குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். அதைச் சோதிக்க ஒரு வீட்டு வழி சொல்கிறேன். சமையலறைத் தராசில் தண்ணீர் பாட்டிலை வைத்து, நூலோடு சேர்த்துச் சரியாக 500 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். பெல்லட் போடாமல், காற்று மட்டும் ஏற்றி, குழலை நேர் மேலே பார்க்க நிறுத்தி, டிரிகரில் நூலை மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும்பணும், டிரிகர் விடக் கூடாது. இதைக் கிளப் ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். காலி என்று நினைத்த துப்பாக்கிகள் செய்த வேலையை நான் நிறையப் பார்த்தவன்.

சார், எனக்கு 26 வயது. கிளப்பில் ஒரு வருஷமாக ஏர் பிஸ்டல் சுடுகிறேன். அடுத்து 25 மீட்டர் பாயிண்ட் 22 பிஸ்டல் போட்டிக்குப் போக ஆசை. நெட்டில் எல்லோரும் ரூகர் மார்க் 4, பிரவுனிங் பக் மார்க் என்று சொல்கிறார்கள். விலையும் குறைவாகத் தெரிகிறது. இங்கே வாங்க முடியுமா?
— வாசகர், குன்னூர்

தம்பி, நல்ல பிஸ்டல்கள்தான். ரூகர் கம்பெனி 1949-இல் விட்ட முதல் சரக்கே பாயிண்ட் 22 பிஸ்டல்தான். மார்க் 4 அதன் பேரப்பிள்ளை. பழைய மார்க்குகளைக் கழற்றினால் திரும்ப மாட்டுவதற்குள் ஆர்மரருக்கே வேர்த்துவிடும். 2016-இல் வந்த மார்க் 4-இல் ஒரே பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்ளும்படி செய்துவிட்டார்கள். அமெரிக்காவில் புதிதாகப் பழகுகிறவன் கடைக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வருகிறான். நம் ஊரில் அந்தக் கதை நடக்காது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனி ஆள் நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. தேசியப் போட்டிகளில் குறித்த புள்ளியை எட்டி 'ரினவுண்ட் ஷாட்' என்று தகுதி பெற்றவர்களுக்குத்தான் அந்த வாசல் திறக்கும். மற்றவர்கள் ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய பிஸ்டல்களைத்தான் லைசன்ஸுள்ளவர் கையிலிருந்து, லைசன்ஸுள்ள டீலர் வழியாக வாங்க வேண்டும். அந்த விலையைக் கேட்டால் ரூகரின் அமெரிக்க விலையை மறந்துபோவீர்கள்.

அதனால் கிளப்பின் பாயிண்ட் 22-இல் பழகுங்கள். லைசன்ஸுக்கு ஊட்டி கலெக்டர் ஆபீஸில் மனுப் போடுவதென்றால் போட்டு வையுங்கள், ஆனால் அது வரும் என்று நம்பித் தேதி குறிக்காதீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரண லைசன்ஸில் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் கிடைத்ததை அவசரப்பட்டு வாங்கி ஓர் இடத்தை அடைத்துவிடாதீர்கள்.

பாயிண்ட் 22 ஏன் பழகுவதற்கு நல்லது என்று யாராவது கேட்டால் நான் ஒரு காட்சியைச் சொல்வேன். எண்பதுகளில் எங்கள் ரேஞ்சில் 9 எம்.எம். பிஸ்டல் சுட வரும் புதுப் பையன்களில் பாதிப் பேர் குண்டு போகுமுன்பே கண்ணை மூடிவிடுவார்கள். 'உதைக்கும்' என்ற பயம் விரலுக்கு முன்னால் மணிக்கட்டுக்குப் போய்விடும், குழல் கீழே குனியும். கேட்டால் 'இல்லை சாப், நான் அசையவே இல்லை' என்பான். அதற்கு ஒரு வைத்தியம் இருந்தது. அவனுக்குத் தெரியாமல் மேகசினில் நடுநடுவே டம்மித் தோட்டாவைக் கலந்து வைப்போம். டம்மி வரும்போது சத்தம் இருக்காது, ஆனால் பிஸ்டல் மட்டும் ஒரு முழம் கீழே போய் வரும். பையன் முகத்தைப் பார்க்கணுமே! பாயிண்ட் 22-இல் உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டரைக் கிராம் சொச்சம் ஈயம், அவ்வளவுதான். பயம் ஏறாமலே விரல் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏர் பிஸ்டலில் பெல்லட் இல்லாமல் சும்மா தட்டிப் பழகுவது போல பாயிண்ட் 22-இல் செய்யாதீர்கள். இந்தத் தோட்டாவின் மருந்து விளிம்பில் இருக்கிறது, அதனால் ஊசியும் விளிம்பைத்தான் தட்டும். தோட்டா இல்லாவிட்டால் சில பிஸ்டல்களில் அது சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், ஓரத்திலேயே போய் இடிக்கும். ஆயிரம் தடவை இடித்தால் ஓரம் பிதுங்கி, தோட்டா உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். அப்படி இரண்டு பிஸ்டல் என் மேசைக்கு வந்திருக்கின்றன. பிளாஸ்டிக் டம்மி போட்டுத் தட்டுங்கள்.

அண்ணா, பழைய பி.சி.பி. ஏர் பிஸ்டல் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. போட்டோவில் புதுசு போல இருக்கிறது. 'ஒரு கீறல் கிடையாது' என்கிறார் விற்கிறவர். வாங்கலாமா?
— வாசகர், கூடலூர்

கீறல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும் தம்பி, சிலிண்டரில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஏர் பிஸ்டல் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. செய்த மாதமும் வருஷமும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அந்தத் தேதியிலிருந்து பெரும்பாலும் பத்து வருஷம்தான் கணக்கு. அது தாண்டியிருந்தால் போட்டியில் கருவிச் சோதனை மேசையிலேயே உங்களைத் திருப்பி அனுப்பலாம். அது போகட்டும், 200 பார் அழுத்தம் முகத்துக்கு முன்னால் இருக்கிறது என்பதை யோசியுங்கள். லாரி டயரில் இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். போன வருஷம் எங்கள் கிளப்புக்கு ஓர் அப்பா மகனுக்காக வாங்கிய பிஸ்டலைக் கொண்டுவந்தார். மாசு மருவில்லாத பிஸ்டல். சிலிண்டருக்குப் பதினான்கு வயது. விற்றவர் போனை எடுக்கவில்லை. புதுச் சிலிண்டர் தேடி, கிடைத்து, வந்து சேர நான்கு மாதம் ஆனது. அதற்குள் பையன் பாட்மின்டனுக்குப் போய்விட்டான்.

அடுத்து, காற்றை நிரப்பி அளவைக் குறித்துக்கொண்டு ஒரு ராத்திரி விட்டுவைக்கச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கோ ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. ஆனால் ஒன்று, நம் ஊரில் ராத்திரிக் குளிரிலேயே முள் கொஞ்சம் இறங்கும். அதனால் மாலை எந்த நேரத்தில் பார்த்தீர்களோ மறுநாளும் அதே நேரத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் நல்ல பிஸ்டலைக் கெட்டது என்று சொல்லிவிடுவீர்கள். ரப்பர் வளையம் பெரிய செலவில்லை. மாற்றிவிடலாம், அதைச் சொல்லி விலையைக் குறைக்கவும் செய்யலாம். சுடும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரில் கோளாறென்றால்தான் கஷ்டம். அதைப் பிடிக்க, பத்து பெல்லட் வரிசையாகச் சுட்டுப் பாருங்கள். முதல் குண்டு மட்டும் ஒவ்வொரு முறையும் மேலே போய் மற்றதெல்லாம் ஓரிடத்தில் விழுந்தால், ரெகுலேட்டர் உள்ளே மெல்லக் கசிகிறது என்று சந்தேகப்படலாம்.

கிரிப்பில் புட்டி அடைத்திருந்தால் பயப்படாதீர்கள். முன்னால் வைத்திருந்தவர் தன் கைக்கேற்ப இழைத்திருக்கிறார், உங்கள் கைக்கு நீங்கள் இழைத்துக்கொள்ளுங்கள். மரத்தூளும் பசையும் குழைத்து அப்பி, அரம் வைத்துத் தேய்ப்பதுதான் வேலை. ஆசாரி தேவையில்லை. எலெக்ட்ரானிக் டிரிகர் உள்ள மாடலா, மெக்கானிக்கலா என்று கேட்டால், முதல் பிஸ்டலுக்கு நான் மெக்கானிக்கல் பக்கம். கெட்டுப்போனால் என்ன கெட்டது என்று கண்ணால் பார்க்கலாம்.

வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என்னிடம் ஒரு பழைய ரஷ்ய ஐ.இசட்.எச். 46 ஏர் பிஸ்டல் இருக்கிறது. கோவையில் என் தம்பி வீட்டில் சுட்டால் நடுவில் விழுகிறது. ஊட்டிக்குக் கொண்டுவந்தால் அதே பிஸ்டல், அதே பெல்லட், ஒரு வளையம் கீழே. எனக்கு வயதாகிவிட்டதா, பிஸ்டலுக்கா?
— வாசகர், உதகமண்டலம்

இந்த மாதத்தின் சிறந்த கேள்வி இதுதான் சார். வயது இரண்டு பேருக்கும் ஆகவில்லை. காற்றுக்குத்தான் உடம்பு இளைத்துவிட்டது.

உங்கள் பிஸ்டல் ஒற்றை இழுப்பு ரகம். அடியில் உள்ள நெம்புகோலை ஒரு தடவை விரித்து மூடினால், வெளியில் இருக்கும் காற்றை ஒரு குழாய் நிறைய வாங்கி நசுக்கி வைத்துக்கொள்ளும். கோவை கடல் மட்டத்துக்கு மேலே 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். குழாய் அதே குழாய், ஆனால் அதில் அடைபடும் காற்று குறைவு. பெல்லட் மெதுவாகப் போகிறது, போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்குகிறது. ஏர் பிஸ்டல் அட்டையில் வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீட்டர். நீங்கள் சொல்லும் ஒரு வளையம் கணக்குக்கு ஒத்துவருகிறது. வாத்தியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறி பார்க்கும் பின் சைட்டைச் சில கிளிக் மேலே ஏற்றுங்கள், ஊட்டிக்கு ஓர் எண், கோவைக்கு ஓர் எண் என்று பெட்டி மூடியில் பென்சிலால் எழுதி வையுங்கள்.

இதே விஷயம் பி.சி.பி. வைத்திருப்பவர்களை வேறு விதமாகப் படுத்தும். அதில் சுடும் அழுத்தத்தை ரெகுலேட்டர் பார்த்துக்கொள்வதால் பெல்லட் விழும் இடம் மாறாது. ஆனால் சிலிண்டருக்குக் கைப்பம்பில் காற்றடிக்கும்போது, கீழே நாற்பது அடி போதுமென்றால் இங்கே ஐம்பதுக்கு மேல் அடிக்க வேண்டும். பிள்ளைகள் 'பம்பு கெட்டுப்போச்சு அங்கிள்' என்று கொண்டுவருவார்கள். பம்பு சரியாகத்தான் இருக்கும். மூடுபனி நாளில் கைப்பம்பு காற்றோடு ஈரத்தையும் சேர்த்து இழுக்கும் என்பதுதான் நிஜமான கவலை. பம்பின் வடிகட்டியை அடிக்கடி காயவையுங்கள், ஐம்பது அடிக்கு ஒரு தடவை நிறுத்தி வடிகால் ஸ்குரூவைத் திறந்து விடுங்கள். புஸ்ஸென்று வெள்ளையாக வருவது தண்ணீர்தான்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் பிஸ்டல்கள் ஆன்லைனில் மலிவாக வருகின்றன, பார்க்க அசல் போல இருக்கும். நீலகிரிக்காரர்கள் பயிற்சிக்காக அதை வாங்காதீர்கள். அந்த வாயுவின் அழுத்தம் குளிரைப் பொறுத்தது. 20 டிகிரியில் 57 பார், 0 டிகிரியில் 35 பார். ஜனவரியில் தலைகுந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும் காலையில் அந்த பிஸ்டல் இருமக்கூட மாட்டாது. மத்தியானம் வெயில் வந்தால் வேறு இடத்தில் சுடும். அதோடு அவற்றில் பல, எஃகு மணிகளைச் சுடுபவை. எஃகு மணி சுவரில் பட்டுத் திரும்பி வரும், கண்ணுக்கு ஆபத்து. அசல் போலத் தெரியும் ஒன்றை பஸ்ஸில் பையிலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் டிவிஷனில் கரடித் தொல்லை. சாயங்காலம் லைன் வீடுகளுக்கே வருகிறது. ஏர் பிஸ்டலால் விரட்டலாமா? லைசன்ஸ் வேண்டாமாமே?
— எஸ்டேட் கண்காணி, குன்னூர் பக்கம்

கூடாது. லைசன்ஸ் வேண்டாம் என்பது ஏர் பிஸ்டலுக்குத்தான், கரடிக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. முதல் அட்டவணை, காட்டெருமையும் அதில்தான். சட்டத்தை விடுங்கள். அரைக் கிராம் ஈயம் கரடியின் முடியைக்கூடத் தாண்டாது. தாண்டாவிட்டாலும் அதற்குக் கோபம் வரும். கோபம் வந்த கரடியை நான் ஒரு தடவை எடப்பள்ளி ரோட்டில் பார்த்தேன், இன்னொரு தடவை பார்க்க விருப்பமில்லை. வனத்துறைக்குச் சொல்லுங்கள். சமையல் எண்ணெய், பலாப்பழம், குப்பை எதையும் வெளியே வைக்காதீர்கள்.

ஐயா, ஜூன் ஜூலையில் பிஸ்டலை எப்படிப் பாதுகாப்பது? அலமாரியில் வைத்த சால்வையே பூஞ்சை பிடிக்கிறது.
— வாசகி, அருவங்காடு

வாங்கும்போது வரும் பெட்டியிலேயே வைக்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பணியிலிருந்து வந்த புதிதில் நண்பர் ஒருவர் ஊருக்குப் போகும்போது பிஸ்டலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஆர்மரர் அல்லவா! எண்ணெய் தடவி, அதன் பஞ்சுப் பெட்டியில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். ஜூன் போய் ஆகஸ்டில் திறந்தால், பஞ்சு தொட்ட இடமெல்லாம் செம்பட்டை நிறத்தில் பூ வேலை செய்தது போலத் துரு. பஞ்சு ஈரத்தைக் குடித்துவைத்து மெல்ல மெல்ல ஊட்டியிருக்கிறது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

பஞ்சுப் பெட்டி எடுத்துச் செல்ல மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் காட்டன் துணி விரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை வெறும் தவாவில் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். துணிப் பொட்டலம்தான், பிளாஸ்டிக்கைத் தவாவில் போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். வெளியில் மூடுபனி, உள்ளே அடுப்புச் சூடு என்று ரேஞ்சிலிருந்து வந்ததும், கண்ணாடியில் ஆவி படிவது போல இரும்பிலும் படியும். அரைமணி நேரம் திறந்து வைத்துத் துடைத்த பிறகே மூடுங்கள். ஏர் பிஸ்டல் குழலுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம், வெளியே மட்டும் மெல்லிய பூச்சு. பெல்லட் டப்பாவையும் இறுக்கி மூடுங்கள். ஈயம் நாள்பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும், பூத்த பெல்லட் குறிக்குப் போகாது. ஈயம் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டீ டம்ளரைத் தொடாதீர்கள்.

பெல்லட்டில் மலிவானது போதுமா?
— வாசகர், கெத்தை

பழகும்போது போதும். தட்டைத் தலை உள்ளதாக மட்டும் பாருங்கள். அதுதான் அட்டையில் கத்தரித்தது போல வட்ட ஓட்டை போடும். கூர்த் தலை வேண்டாம். போட்டிக்கு முன்னால் 4.48, 4.49, 4.50 என்று தலை அளவு மாறும் ஜெர்மன் டப்பாக்களில் ஒவ்வொன்றாகச் சுட்டு, உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள். ஆரம்பத்திலேயே அதைச் செய்தால் வித்தியாசம் பெல்லட்டிலா கையிலா என்று தெரியாது.

எனக்கு 58 வயது, ஓய்வுபெற்ற நர்ஸ். பேரனைக் கிளப்பில் விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நானும் சுடலாமா? கை லேசாக நடுங்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருக்கிறேன்.
— வாசகி, வெலிங்டன்

உள்ளே வாருங்கள் சிஸ்டர். நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. தேசிய அளவில் சுடுகிறவர் கையைத் திரையில் காட்டும் கருவியில் பார்த்திருக்கிறேன், அதுவும் வட்டம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆட்டத்தின் நடுவிலேயே டிரிகரை மெதுவாக அழுத்திவிடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நிற்கட்டும், நின்றதும் சுடலாம் என்று காத்திருப்பவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். 23 கேஜ் ஊசி போட்ட கைக்கு இது வரும்.

பிஸ்டல் எதுவும் வாங்க வேண்டாம். பேரனுடையதில் சுடுங்கள், கிரிப் ஒத்துவருகிறதா என்று மட்டும் பாருங்கள். செலவு செய்வதென்றால் கண்ணாடிக்குச் செய்யுங்கள். உங்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகம் பிடிக்கும் தூரத்துக்குச் செய்தது. உங்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டியது பிஸ்டல் முனையிலுள்ள முன் சைட். குறி மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. கையை நீட்டி பிஸ்டலைப் பிடித்த நிலையில், கண்ணிலிருந்து முன் சைட் வரை யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கண் பரிசோதிப்பவரிடம் கொடுங்கள். நான் போனபோது என் சீட்டைப் பார்த்துவிட்டு, 'இந்தத் தூரத்தில் என்ன வேலை சார் செய்கிறீர்கள், தையல் மிஷினா?' என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.